தாய்லாந்து: உள்ளூரில் பயணம் போய்த் திரும்பினால் டி.எம்.30 (தங்கும் முகவரியைத் தெரிவிக்கும் படிவம்) மறுபடியும் போட வேண்டுமா?

ஆன்நட்_கார்த்தி

நண்பர்களுக்கு வணக்கம். பாங்காக்கில் ஆன் நட் பக்கம் ஒரு காண்டோவில் (அடுக்குமாடி வீடு) மனைவியோடு இருக்கிறேன். ஐ.டி. வேலை, எனக்கு நான்-பி (வேலை) விசா, அவளுக்கு நான்-ஓ (குடும்பத்தினர்) விசா. இரண்டு பேருக்கும் ஒரு வருட விசா எக்ஸ்டென்ஷன் (நீட்டிப்பு) இந்த மாதக் கடைசியில் முடிகிறது, இன்னும் 12 நாள்தான் இருக்கிறது.

போன வாரம் லோய் கிராதொங் விளக்குத் திருவிழா பார்க்க சியாங் மாய் போனோம். மூன்று இரவு ஓட்டலில் தங்கினோம், அங்கே வரவேற்பறையில் இரண்டு பாஸ்போர்ட்டையும் வாங்கி நகல் எடுத்துக்கொண்டார்கள். திரும்பி வரும் வழியில் லாம்பாங்கில் கூட வேலை பார்க்கும் தாய்லாந்து நண்பர் ஒருவரின் அம்மா வீட்டில் ஒரு இரவு. அப்புறம் நேராக பாங்காக் வந்துவிட்டோம்.

இப்போது என் காண்டோவைப் பிடித்துக் கொடுத்த ஏஜென்ட் சொல்கிறார், ஓட்டல்காரர்கள் உங்கள் பெயரை இமிக்ரேஷன் கணினியில் ஏற்றியிருப்பார்கள், அதனால் உங்கள் முகவரி இப்போது சியாங் மாய் என்றுதான் காட்டும், வீட்டுக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் மறுபடியும் டி.எம்.30 போட்டிருக்க வேண்டும், நேரம் தாண்டிவிட்டது, அபராதம் கட்ட வேண்டும், நான் முடித்துத் தருகிறேன், ஒரு ஆளுக்கு 1500 பாத் என்று. ஆபீசில் கேட்டால் அதெல்லாம் எப்போதோ எடுத்துவிட்டார்கள், ஒன்றும் செய்யத் தேவையில்லை என்கிறார்கள். வீட்டு ஓனர் ஜப்பானில் இருக்கிறார், மெசேஜ் போட்டால் இரண்டு நாள் கழித்துத்தான் பதில் வரும்.

யார் சொல்வது சரி? லாம்பாங்கில் தங்கிய இரவுக்கும் எதாவது செய்திருக்க வேண்டுமா? எக்ஸ்டென்ஷன் இதனால் நின்றுவிடுமோ என்று மனைவி இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பாங்காக்வாசி

கார்த்தி, முதலில் மனைவியைத் தூங்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன பயணத்துக்காக மறுபடியும் டி.எம்.30 போட வேண்டியதில்லை. ஆனால் ஆபீசில் சொன்ன மாதிரி விதியையே எடுத்துவிட்டார்கள் என்பதும் தப்பு. விதி இருக்கிறது, அதில் ஒரு பகுதியைத்தான் தளர்த்தினார்கள்.

நான் இங்கே 14 வருடமாக இருக்கிறேன், இதில் நன்றாக அடிபட்டவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இதற்கெல்லாம் அடிப்படை 1979-ஆம் வருடத்துக் குடிவரவுச் சட்டம், அவர்கள் கணக்கில் புத்த ஆண்டு 2522. அதில் 38-ஆம் பிரிவுதான் டி.எம்.30. தற்காலிக அனுமதியில் இருக்கும் வெளிநாட்டுக்காரர் ஒருவரைத் தங்க வைத்தால் அந்த வீட்டின் சொந்தக்காரரோ, பொறுப்பில் இருப்பவரோ, ஓட்டல் மேனேஜரோ 24 மணி நேரத்துக்குள் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். கவனியுங்கள், கடமை வீட்டுக்காரருக்கு, வாடகைக்கு இருப்பவருக்கு இல்லை. தெரிவிக்காத வீட்டுக்காரருக்கு 2000 பாத் வரை அபராதம், ஓட்டல் என்றால் 2000-இல் இருந்து 10,000 வரை. இது 77-ஆம் பிரிவு. நம்ம ஊரிலும் வெளிநாட்டுக்காரர் வந்து தங்கினால் ஓட்டல்காரர்கள் 24 மணி நேரத்துக்குள் ஒரு படிவம் போடுகிறார்களே, கிட்டத்தட்ட அதேதான்.

இதற்கு முந்தைய 37-ஆம் பிரிவு நமக்கானது. வீடு மாறினால் 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், வேறு மாகாணத்துக்குப் போய் 24 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் போய்ச் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் அங்கே போலீசில் சொல்ல வேண்டும், 90 நாளுக்கு மேல் நாட்டில் இருந்தால் 90 நாளுக்கு ஒரு தடவை முகவரியைத் தெரிவிக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது நாம் எல்லோரும் செய்யும் தொண்ணூறு நாள் ரிப்போர்ட், டி.எம்.47. நடுவில் இருக்கும் மாகாண விஷயத்துக்கு டி.எம்.28 என்று ஒரு படிவம் உண்டு, இந்த 14 வருடத்தில் ஒரு தடவை கூட அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஓட்டலிலோ வீட்டிலோ டி.எம்.30 போய்விட்டால் அதோடு சரி என்றுதான் நடைமுறையில் விட்டுவிடுகிறார்கள்.

2019-இல் திடீரென்று டி.எம்.30-ஐ எழுத்துக்கு எழுத்து பிடிக்க ஆரம்பித்தார்கள். ராயோங்கில் கம்பெனி கூட்டம், இரண்டு இரவு ஓட்டல். திரும்பி வந்து பத்து நாள் கழித்து தொண்ணூறு நாள் ரிப்போர்ட் கொடுக்கப் போனால், உன் கடைசி முகவரி ராயோங் ஓட்டல் என்று காட்டுகிறது, வீட்டுக்காரரைப் புதிதாக டி.எம்.30 போடச் சொல் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல், சோன்புரியில் மகள் வீட்டில் இருந்தார். நான் பஸ் ஏறிப் போய் அவரிடம் கையெழுத்தும் அடையாள அட்டை நகலும் வாங்கி வந்து, 800 பாத் அபராதத்தையும் நானே கட்டினேன். சட்டப்படி அது அவர் கட்ட வேண்டியது, அந்த வயதில் அவரிடம் எப்படிக் கேட்பது. அந்த வருடம் குடும்பத்தோடு ஹுவா ஹின் போவதைக்கூடத் தள்ளிப் போட்டவர்கள் உண்டு, ஊர் திரும்பினால் மறுபடியும் படிவம், மறுபடியும் வரிசை என்பதால்.

வெளிநாட்டுக்காரர்கள், கம்பெனிகள் என்று எல்லாப் பக்கமும் புகார் எழுந்த பிறகுதான் மாற்றம் வந்தது. 2020 ஜூன் 30 முதல் புது விதி. ஒரு முகவரியில் ஏற்கெனவே டி.எம்.30 பதிவாகியிருந்தால், அந்த ஆள் உள்நாட்டில் வேறு எங்காவது தங்கிவிட்டு அனுமதிக் காலம் முடிவதற்குள் அதே முகவரிக்குத் திரும்பினால் வீட்டுக்காரர் மறுபடி தெரிவிக்க வேண்டாம். ரீ-என்ட்ரி பெர்மிட்டிலோ (விசா ரத்தாகாமல் வெளியே போய்த் திரும்பும் அனுமதி) மல்டிபிள் என்ட்ரி விசாவிலோ வெளிநாடு போய் அதே வீட்டுக்குத் திரும்பினாலும் அப்படியே.

ஆக, சியாங் மாய் ஓட்டல்காரர்கள் உங்களைப் பதிந்தது அவர்கள் கடமை. நீங்கள் வீட்டுக்கு வந்துவிட்டீர்கள், பழைய பதிவே போதும். லாம்பாங் விஷயத்தில் மட்டும் சட்டப்படி அந்த நண்பரின் அம்மா தெரிவித்திருக்க வேண்டும், ஒரு இரவு என்றாலும். அது உங்கள் எக்ஸ்டென்ஷனைத் தொடாது, ஆனால் அடுத்த தடவை போகும்போது நண்பரிடம் முன்கூட்டியே சொல்லி ஆன்லைனில் போட வையுங்கள். நம்மை வீட்டில் தங்க வைத்த பாவத்துக்கு அந்த அம்மாவுக்கு அபராதம் வரக் கூடாது.

1500 பாத் கொடுக்காதீர்கள்.

ஈசான்_வாத்தியார்

பாங்காக்வாசி அண்ணா சொன்னது காகிதத்தில் முழுக்கச் சரி. ஆனால் பாங்காக்குக்கு வெளியே இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நான் வடகிழக்கில் ஒரு மாகாணத்தில் பள்ளி ஆசிரியர். போன வருடம் கோடை விடுமுறைக்கு ரீ-என்ட்ரி பெர்மிட் எடுத்துக்கொண்டு திருச்சிக்குப் போய் ஐந்து வாரம் கழித்து அதே வீட்டுக்கு வந்தேன். 2020 விதிப்படி புதிதாக எதுவும் வேண்டாம். எக்ஸ்டென்ஷனுக்குப் போனபோது கவுண்டரில் இருந்தவர் பாஸ்போர்ட்டில் கடைசி முத்திரைத் தேதியைப் பார்த்துவிட்டு, இதற்குப் பிந்தைய தோ மோ சாம் சிப் எங்கே என்று கேட்டார். (இங்கே டி.எம்.30 என்று சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது, தோ மோ சாம் சிப் என்று சொல்லிப் பழகுங்கள்.) விதி மாறிவிட்டதே என்று போனில் எடுத்துக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை, இந்த அலுவலகத்தில் நாங்கள் இப்படித்தான் கேட்கிறோம் என்று மட்டும் சொன்னார். பள்ளியில் இருந்து ஒருவர் வீட்டுக்காரரின் காகிதங்களோடு வந்து அரை மணி நேரத்தில் போட்டுக் கொடுத்தார், அபராதம் இல்லை.

அதனால் என் கருத்து, விதி என்ன சொல்கிறது என்பதோடு நம் அலுவலகம் என்ன கேட்கிறது என்பதையும் முன்கூட்டியே போய்த் தெரிந்துகொள்ள வேண்டும். நேரம் குறைவாக இருக்கும்போது கவுண்டரில் நின்று வாதாடி ஒன்றும் ஆகப் போவதில்லை.

பாங்காக்வாசி

வாத்தியார் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன், மாகாணத்துக்கு மாகாணம் நடைமுறை வேறுதான். ஆனால் ஒன்றில் உடன்படவில்லை. எல்லோரும் பேசாமல் மறுபடி மறுபடி போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் 2020-இல் கிடைத்த தளர்வு ஏட்டோடு நின்றுவிடும், ஏஜென்ட்டுகள் அதை வைத்து ஆளுக்கு 1500 வாங்கிக்கொண்டே இருப்பார்கள். மரியாதையாக ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம். தாய்லாந்து மொழியில் இருக்கும் அந்த விதியின் நகலை அச்சிட்டு எடுத்துப் போனால் இன்னும் நல்லது. அப்படியும் வேண்டும் என்றால் போட்டுக் கொடுத்துவிடுங்கள், வேலை ஆக வேண்டுமே.

நோந்தபுரி_மீனா

கார்த்தி தம்பி, நான் இன்னொரு பக்கத்தில் இருந்து சொல்கிறேன், அதாவது படிவம் போடும் பக்கம். என் கணவர் தாய்லாந்துக்காரர், வீடு அவர் பெயரில், மதுரையில் இருந்து அம்மா வரும்போதெல்லாம் அவர் கணக்கில் நான்தான் டி.எம்.30 போடுகிறேன்.

இமிக்ரேஷனின் இணையதளத்தில் வீட்டுக்காரர் ஒரு தடவை கணக்குத் திறக்க வேண்டும். அவர் அடையாள அட்டை, தபியன் பான் என்கிற நீல நிற வீட்டுப் பதிவுப் புத்தகம், இரண்டையும் படம் எடுத்து ஏற்ற வேண்டும். ஒப்புதல் வர எங்களுக்குச் சில நாள் ஆனது, அதனால் விருந்தாளி விமானத்தில் ஏறிய பிறகு தொடங்கினால் பலிக்காது. ஒப்புதல் வந்துவிட்டால் அப்புறம் ஐந்து நிமிட வேலை. பெயர், பாஸ்போர்ட் எண், நாடு, வந்த தேதி, எத்தனை நாள் தங்குகிறார், அவ்வளவுதான். முடித்ததும் வரும் ரசீதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவோடு காஞ்சனபுரி போய் இரண்டு இரவு தங்கிவிட்டு வந்தோம், திரும்பி வந்து எதுவும் போடவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் அடுத்த வருடம் அவர் புதிதாக நாட்டுக்குள் வந்தபோது புதிதாகப் போட்டோம். அது வேறு நுழைவு, பழைய பதிவு அதற்குச் செல்லாது.

இப்போது உன் விஷயம். சியாங் மாயை விடு. எனக்குக் கேட்கத் தோன்றுவது இதுதான், ஆன் நட் வீட்டுக்கு முதலில் டி.எம்.30 போட்டார்களா? போட்டார்கள் என்றால் ரசீது உன் கையில் இருக்கிறதா? உன் மனைவி பெயரிலும் இருக்கிறதா? பாங்காக்வாசி சொன்ன தளர்வு முழுக்க, ஏற்கெனவே பதிவாகியிருந்தால் என்கிற ஒரு சொல்லில்தான் நிற்கிறது. நிறைய காண்டோக்களில் வாடகை பேசும்போது ஏஜென்ட் தலையாட்டுவார், வருடம் முடிந்து பார்த்தால் பதிவே இருக்காது. சில ஓனர்கள் வாடகை வருமானம் வரிக் கணக்கில் தெரிந்துவிடும் என்று பயந்தும் போடாமல் விடுகிறார்கள்.

இன்றே ஓனருக்கு மெசேஜ் போட்டு அவர் அடையாள அட்டை, தபியன் பான் இரண்டின் நகலிலும் கையெழுத்திட்டு அனுப்பச் சொல். அவர் ஜப்பானில் இருப்பதால் நேரில் தாக்கல் செய்ய உனக்கு ஒரு அங்கீகாரக் கடிதமும் வேண்டும். அது கையில் இருந்தால் வாடகை ஒப்பந்தத்தையும் சேர்த்து நீயே போய்க் கொடுத்துவிடலாம். தேவைப்படாமல் போனால் சந்தோஷம்.

ஆன்நட்_கார்த்தி

பாங்காக்வாசி அண்ணா, வாத்தியார், மீனா அக்கா, மூன்று பேருக்கும் மிக்க நன்றி. அக்கா கேட்ட பிறகு வீட்டில் பழைய காகிதங்களைத் தேடினேன். என் ரசீது இருக்கிறது, பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் ஸ்டேப்ளர் போட்டு வைத்திருந்தேன். மனைவியின் ரசீது இல்லை. அவள் எனக்கு நான்கு மாதம் கழித்துத்தான் ஊரில் இருந்து வந்தாள். அவளுக்கும் போட்டாகிவிட்டது என்று ஏஜென்ட் அப்போது லைன் செயலியில் அனுப்பிய செய்தி மட்டும் இருக்கிறது, ரசீது அனுப்பவில்லை. ஓனருக்கு இப்போதே எழுதிவிட்டேன்.

இன்னொன்று, இந்தச் சியாங் மாய்ப் பயணத்தால் தொண்ணூறு நாள் கணக்கு எதாவது மாறுமா?

பாங்காக்வாசி

மாறாது. உள்நாட்டில் எங்கே சுற்றினாலும் அந்த 90 நாள் தன் பாட்டுக்கு ஓடும். நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்பினால்தான் ஒன்றில் இருந்து மறுபடி எண்ண வேண்டும், ஒரு நாள் பினாங்கு போய் வந்தாலும் அப்படித்தான். நேரில் என்றால் கெடு தேதிக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை கொடுக்கலாம். ஆன்லைன் என்றால் கடைசி நாள் வரை வைத்திருக்காமல் 15 நாள் முன்பே தொடங்கிவிடுங்கள், நிராகரித்தால் நேரில் போக நேரம் வேண்டும். தாமதமாகப் போனால் 2000 பாத்.

இது டி.எம்.47, அது டி.எம்.30. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள், ஒன்றைக் கொடுத்தால் மற்றொன்று தானாகக் கொடுத்ததாக ஆகாது.

புக்கெட்_செல்வம்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் புக்கெட்டில் ஓட்டலில் சமையல் வேலை. முதலாளி எடுத்துக் கொடுத்த அறையில் நாங்கள் நான்கு பேர் தங்குகிறோம். எங்களுக்கு யார் இதைப் போட வேண்டும்? பாஸ்போர்ட் போன மாதம்தான் புதுப்பித்தேன், அதற்கும் எதாவது செய்ய வேண்டுமா?

நோந்தபுரி_மீனா

செல்வம், அந்த அறை யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்தான். கட்டடம் முதலாளியுடையது என்றால் அவரே, அவர் வாடகைக்கு எடுத்து உங்களை வைத்திருந்தாலும் பொறுப்பில் இருப்பவர் என்கிற முறையில் அவர் போடலாம். நான்கு பேருக்கும் தனித்தனியாகப் பெயர் ஏற்றியிருக்கிறாரா என்று பாருங்கள், ஒருவர் ரசீதைக் காட்டி எல்லோருக்கும் ஆகிவிட்டது என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

புதுப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டாயம் செய்துவிடுங்கள். பதிவு பாஸ்போர்ட் எண்ணோடு சேர்ந்தது. முதலில் பழைய பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா முத்திரைகளைப் புதியதற்கு மாற்ற இமிக்ரேஷன் போக வேண்டும், அப்போதே புது எண்ணில் டி.எம்.30-உம் போடச் சொல்லுங்கள். இரண்டு பாஸ்போர்ட்டையும் கையில் எடுத்துப் போங்கள்.

ஆன்நட்_கார்த்தி

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். இன்று இருவருக்கும் எக்ஸ்டென்ஷன் விண்ணப்பம் கொடுத்துவிட்டோம்.

என் ரசீதைக் கவுண்டரில் வாங்கிப் பார்த்தார்கள், கணினியில் தட்டினார்கள், திருப்பிக் கொடுத்தார்கள். சியாங் மாய் என்ற பேச்சே வரவில்லை, லாம்பாங்கும் வரவில்லை. மனைவி முறை வந்தபோது அக்கா சந்தேகப்பட்டதே நடந்தது. இந்த முகவரியில் அவள் பெயர் இல்லை. ஏஜென்ட் போடவே இல்லை, பதினோரு மாதமாக.

பக்கத்து வரிசைக்கு அனுப்பினார்கள். ஓனர் நான்காம் நாளே கையெழுத்துப் போட்டு எல்லாவற்றையும் விரைவு அஞ்சலில் அனுப்பியிருந்தார், வாடகை ஒப்பந்தத்தில் மனைவி பெயரும் இருந்தது, அதனால் காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. 800 பாத் அபராதம் கட்டினோம், ரசீது கொடுத்தார்கள், அதைக் கொண்டு போய் முதல் கவுண்டரில் காட்டி விண்ணப்பத்தைக் கொடுத்தோம். காலை எட்டரைக்குப் போய் மதியம் இரண்டு மணிக்கு வெளியே வந்தோம். அந்தக் காகிதங்கள் கையில் இல்லாமல் போயிருந்தால் இந்த வாரம் முழுக்க அலைந்திருப்போம், விசா தேதியும் தாண்டியிருக்கும்.

ஓனரிடம் சொன்னேன். அபராதம் அவர் பொறுப்புதான் என்று சொல்லி அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார், நல்ல மனிதர். இணையக் கணக்கும் தன் பெயரில் திறந்துவிட்டாராம். ஏஜென்ட்டுக்கு எழுதினேன், இன்னும் பதில் இல்லை.

பிப்ரவரியில் அப்பா அம்மா வருகிறார்கள். அவர்களை ஒரு வாரம் எங்கள் வீட்டில் வைத்துவிட்டு கிராபி கூட்டிப் போய் மறுபடி வீட்டுக்கு வருவதாக இருக்கிறோம். அவர்களுக்கு முதல் நாள் ஒரு தடவை போட்டால் போதும்தானே?

நோந்தபுரி_மீனா

போதும். அவர்கள் உன் வீட்டுக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் ஓனர் கணக்கில் இருவர் பெயரையும் ஏற்றிவிடு. கிராபி ஓட்டல்காரர்கள் தங்கள் பங்குக்குப் போட்டுக்கொள்வார்கள். வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள் என்று ஓனரிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வை, காண்டோவின் ஜூரிஸ்டிக் ஆபீசிலும் (கட்டட நிர்வாக அலுவலகம்) சொல்லிவிடு, சில இடங்களில் அவர்களும் பாஸ்போர்ட் நகல் கேட்பார்கள்.